வள்ளத்து ஜிபிஎஸ்ஸுக்கு எந்த பேட்டரி: ஆசிட்டா, சீல்டா, லித்தியமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் செய்தார். அப்பாவின் நாட்டுப்படகில் ஜிபிஎஸ்ஸும், தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் எக்கோவும் சேர்ந்த செட் ஒன்று, வயர்லெஸ் ஒன்று புதிதாக மாட்டியிருக்கிறார்கள். "அப்பா ஆசிட் பேட்டரிதான் என்கிறார். கூட்டாளி லித்தியம் போடு என்கிறான். கடைக்காரர் சீல்டு பேட்டரியை எடுத்து மேசையில் வைக்கிறார். எதைத்தான் வாங்கட்டும் அண்ணே?" பாம்பனில் படகு வயரிங் வேலை பார்க்கும் எனக்கு மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே கேள்வி வருகிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மீன் காட்டும் கருவிக்கு நல்ல பேட்டரி எது என்று இணையத்தில் தேடினால் நிறைய வருவது அமெரிக்கா, கனடா ஆட்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். பனியில் துளை போட்டு, எக்கோவின் கண்ணை அந்தத் துளைக்குள் இறக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு 12 வோல்ட், 7 அல்லது 9 ஏஎச் பேட்டரி போதும். (ஏஎச் என்பது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கி வரும் அளவு. பேட்டரி எவ்வளவு கரண்டைத் தேக்கி வைக்கும் என்று சொல்வது.) அவர்களுடைய கவலையெல்லாம் குளிர்தான். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். ஈய பேட்டரிக்கோ அந்தக் குளிரில் பலம் வெகுவாகக் குறையும். ஆகவே பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சூடாக வை என்று எழுதுவார்கள். அவர்கள் ஊருக்கு அது சரியான பேச்சு. அதைப் படித்துவிட்டு நம் ஆள் பேட்டரியைத் தகரக் கொட்டகைக்குள் பூட்டி வைத்தால் ஒரே கோடையில் முடிந்துவிடும். நமக்குப் பகை வெக்கை, உப்பு, சும்மா கிடக்கும் நாட்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கீழே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, ஒரு பாட்டுக்கு, அதாவது ஒருமுறை கடலுக்குப் போய்த் திரும்ப, எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பது. இதைக் கணக்குப் போடாமல் பேட்டரிக் கடைப் படி ஏறக் கூடாது. சாயந்தரம் 4 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்குக் கரை சேரும் வள்ளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 மணி நேரம்.

5 அங்குலத் திரை உள்ள ஜிபிஎஸ் எக்கோ செட் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 14 ஏஎச். வயர்லெஸ் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியருக்குள்தான், அதற்கு ஒரு 6. ஆனால் பட்டனை அமுக்கி 25 வாட்டில் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் போகும். ராத்திரி முழுக்கக் கால் மணி நேரம் பேசினால் இன்னொரு 1. பத்து வாட் எல்இடி விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் ஆறரை. செல்போன் சார்ஜுக்கு 2. கூட்டினால் 30 ஏஎச் பக்கம் வருகிறது. உங்கள் படகில் விளக்கு இரண்டு என்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈய பேட்டரி எதுவானாலும், அதாவது ஆசிட்டோ சீல்டோ, பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். 30 ஏஎச் செலவுக்கு 60 ஏஎச் பேட்டரி வேண்டும். லித்தியத்தை எண்பது சதவீதம் வரை தாராளமாக இறக்கலாம். 40 ஏஎச் போதும். கடையில் விலை கேட்கும்போது 60-க்கு 60 ஒப்பிடாமல் இந்த 60-ஐயும் அந்த 40-ஐயும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது சார்ஜ் எங்கே ஏறும் என்பது: வீட்டிலா, இன்ஜினிலா, வெயிலிலா. அப்புறம், பேட்டரியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இதை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பேட்டரி கெடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

கடைசியாக, நடுக்கடலில் நின்றால் என்ன ஆகும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் எல்லைக்கோடு. தண்ணீரில் கோடு தெரியாது, திரையில்தான் தெரியும். வாடை அடிக்கும் ராத்திரியில் திரை அணைந்தால் படகு எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது. வேறு ஊரில் பேட்டரி இறங்கினால் மீன் குறையும். இங்கே ஆளே ஊர் திரும்பாமல் போகலாம். அதனால்தான் இதில் இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறேன்.

## ஆசிட் பேட்டரி

விலை குறைவு. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும். பழசைக் கொடுத்தால் ஈயத்துக்காகவே புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். எங்கள் கரையில் இத்தனை வருஷம் ஓடியது இதை வைத்துத்தான், அதை மறுக்க முடியாது.

ஆனால் ஆசிட் பேட்டரி என்று நம் ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் கார், டிராக்டர் பேட்டரி. அது இன்ஜினைக் கிளப்பச் செய்தது. ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுக்க மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதை ராத்திரி முழுக்க மெதுவாக இறக்கி ஏற்றினால் தகடு உதிர்ந்துபோகும். இந்த வேலைக்கு இன்வெர்ட்டருக்கு வரும் டியூபுலர்தான் சரி. அதில் தகடு தடிமன். கூடவே கனமும் உயரமும் அதிகம். சின்ன வள்ளத்தில் அதைக் கட்டி நிறுத்துவதே ஒரு வேலை.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். கோடையில் மாதம் ஒருமுறையாவது மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ, குடிக்கிற கேன் தண்ணீரோ ஊற்றக் கூடாது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் அளவுக்கு நிரப்ப வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். வழிந்த ஆசிட் எங்கே போகும்? பக்கத்தில் கிடக்கும் வலைக்குத்தான். நைலானுக்கு ஆசிட் ஆகவே ஆகாது. ஏர்வாடியில் ஒருவர் புது வலையை விரித்துக் காட்டினார். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. இரண்டு விரலில் பிடித்து இழுத்தேன், ஈர நூல் மாதிரி அறுந்து வந்தது. பேட்டரிப் பெட்டிக்கு மேலே வலையைக் குவித்து வைத்திருக்கிறார். பேட்டரியில் மிச்சம் பிடித்தது வலையில் போய்விட்டது.

இன்னொன்று அபாயம். கடல் தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கினால் உப்பும் ஆசிட்டும் கரண்டும் சேர்ந்து குளோரின் வாயு வரும். மூச்சை அடைக்கும் விஷம் அது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் கிளம்பும், பீடிப் பொறி போதும் அது வெடிக்க. சன்னலை மூடிய அறையில், பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில், ஆசிட் பேட்டரியைச் சார்ஜுக்குப் போடாதீர்கள்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. இறங்குவதை முன்கூட்டியே சொல்லும். விளக்கு மங்கும், வோல்ட் மெல்ல விழும். சும்மா இருக்கும்போது 12.6 காட்டினால் முழுசு, 12.1 பக்கம் வந்தால் பாதி. ஒரு சின்ன வோல்ட் மீட்டர் போதும், நிலை தெரிந்துவிடும்.

## சீல்டு பேட்டரி

இதுவும் ஈயம்தான். ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறவைத்து மூடியிருப்பார்கள். வழியாது, படகு சாய்ந்தாலும் கவலையில்லை, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. இந்தக் கடைசிச் சௌகரியம்தான் இதன் பலவீனமும். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் உள்ளே இருக்கும் ஈரம் வாயுவாகி வால்வு வழியாக வெளியேறும். போன ஈரத்தைத் திரும்ப ஊற்ற வழியில்லை. காய்ந்து, வயிறு உப்பி நிற்கும். உப்பிய பேட்டரியை என்னிடம் கொண்டுவந்து "சரி பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே சங்கடமாக இருக்கிறது.

வெக்கை இதற்குத்தான் அதிகம் கெடுதல். ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் ஆயுசு பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் பழைய கணக்கு. நம் ஊரில் நிழலிலேயே 35. இன்ஜின் பெட்டிக்குள் அதற்கும் மேல். பெட்டியில் ஐந்து வருஷம் என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். சார்ஜர் 14.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நிறைந்ததும் தானாக 13.6 பக்கம் இறங்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கால் வோல்ட் குறைவாக வைக்க முடிந்தால் நல்லது. விலை மலிவான, தானாக நிற்காத சார்ஜரை இதற்குப் போட்டால் பேட்டரிக்குச் சாவுமணிதான்.

இது யாருக்குச் சரி? வத்தை என்ற சின்னப் படகில் போய்ச் சூரியன் உச்சிக்கு வரும் முன் திரும்புகிறவர், வெறும் ஜிபிஎஸ் மட்டும் வைத்திருப்பவர். அவருக்கு 7 முதல் 18 ஏஎச் சீல்டு பேட்டரி ஒன்று போதும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அன்றைக்கே சார்ஜில் போட்டுவிடலாம். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். இறங்கிய ஈய பேட்டரியை ஒரு வாரம் அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

## லித்தியம்

லித்தியத்தில் பல ஜாதி உண்டு. படகுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மட்டும்தான். செல்போனில் இருக்கும் வகை வேறு, அது சூட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். லேபிளில் 12.8 வோல்ட் என்று இருந்தால் பாஸ்பேட் வகை என்று பொதுவாக நம்பலாம். 11.1 அல்லது 14.8 என்று இருந்தால் வாங்க வேண்டாம்.

கனம் ஈயத்தில் பாதிக்கும் குறைவு. 2,000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். பாதியில் விட்டாலும் கெடாது, கரண்ட் போய் அரைகுறைச் சார்ஜோடு கடலுக்குப் போக நேர்ந்தாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. நம் கரைக்கு இது பெரிய விஷயம். ஒரே ஏஎச்சுக்கு விலை இரண்டு மூன்று மடங்கு வரலாம். ஆனால் மேலே சொன்ன 60-க்கு 40 கணக்கில் பார்த்தால் இடைவெளி குறையும். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு மூன்றாவது வருஷத்திலேயே லித்தியம் மலிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு.

இனி, கடைக்காரர் சொல்லாமல் விடுவது. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் அட்டை, சார்ஜ் தீரும் நேரத்தில் பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடும். விளக்கு மங்காது, முன்னறிவிப்பே இருக்காது. திரை இருந்தது, இல்லை. வோல்ட் மீட்டரை நம்பவும் முடியாது. தொண்ணூறிலிருந்து முப்பது சதவீதம் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். எவ்வளவு ஏஎச் போனது என்று எண்ணிக் காட்டும் மீட்டரைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். ஜிபிஎஸ் செட்டிலேயே வோல்ட் குறைந்தால் கத்தும் அலாரம் இருந்தால், லித்தியத்துக்கு 12.5-ல் வையுங்கள். ஈயத்துக்கு 12.0.

சார்ஜரும் வேறு. 14.4, 14.6 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் சார்ஜர் வேண்டும். ஈயத்துக்கான சில சார்ஜர்களில் சல்பேட்டை உடைப்பதற்கு 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் வசதி இருக்கும். அதை லித்தியத்தில் மாட்டவே கூடாது. 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் பெரும்பாலான தயாரிப்புகளுக்கு ஆகாது. கரைக்கு வந்ததும் வெயிலில் காய்ந்த பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சார்ஜில் போடாமல், திண்ணை நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

உள்ளூரில் செல்களை வாங்கி அடுக்கிக் கொடுக்கும் பேட்டரிகளும் இப்போது வருகின்றன. நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பழைய வண்டியிலிருந்து கழற்றிய செல்லா, புதுசா என்று வெளியிலிருந்து தெரியாது. உப்புக் காற்று காவல் அட்டையைத் தொட்டால் பச்சை பூத்துவிடும். பெட்டி தண்ணீர் புகாதபடி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் எழுத்தில் வேண்டும். பழசுக்குக் கழிவு விலையும் இன்னும் நம் பக்கம் கிடைப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | ஆசிட் டியூபுலர் | சீல்டு | லித்தியம் பாஸ்பேட் |
|---|---|---|---|
| 30 ஏஎச் செலவுக்கு வேண்டியது | 60 ஏஎச் | 60 ஏஎச் | 40 ஏஎச் |
| கைமுதல் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மாத வேலை | தண்ணீர், டெர்மினல் | டெர்மினல் | டெர்மினல் |
| வெக்கை | ஓரளவு தாங்கும் | சீக்கிரம் காயும் | தாங்கும், சூட்டில் சார்ஜ் கூடாது |
| படகு சாய்ந்தால் | வழியும் | வழியாது | வழியாது |
| அரைகுறைச் சார்ஜ் | கெடும் | கெடும் | கெடாது |
| தீரும்போது | மங்கிச் சொல்லும் | மங்கிச் சொல்லும் | பட்டென்று நிற்கும் |
| பழசுக்கு விலை | உண்டு | கொஞ்சம் உண்டு | இல்லை |

## சார்ஜ் எங்கே ஏற்றுவது

வீட்டில் ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஈய பேட்டரிக்கு ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரி. 60 ஏஎச்சுக்கு 6 ஆம்பியர் சார்ஜர். முப்பது இறங்கியிருந்தால் ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும் என்று நினைக்காதீர்கள். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். எட்டு மணி நேரம் விடுங்கள். பாதியிலேயே கழற்றிக்கொண்டு ஓடுவதால்தான் பல ஆசிட் பேட்டரிகள் ஒரே வருஷத்தில் போகின்றன.

இன்ஜின் பெல்ட்டில் கார் டைனமோ மாட்டியிருப்பவர்களுக்கு ஈய பேட்டரி ஒத்துப்போகும். லித்தியத்தை நேராக மாட்டினால் அது கிடைக்கும் கரண்டையெல்லாம் இழுத்து டைனமோவைச் சூடாக்கிவிடும். நடுவில் டிசி சார்ஜர் ஒன்று வேண்டும், அது தனிச் செலவு.

சோலார் நமக்குக் கிடைத்த வரம். கமுதியில் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் வந்தது சும்மா இல்லை. 50 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 12, 13 ஏஎச் கொடுக்கும். ராத்திரித் தொழிலுக்கு அது மட்டும் போதாது. ஆனால் படகு கரையில் நிற்கும் நாட்களில் பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும். நடுவில் கன்ட்ரோலர் இல்லாமல் பேனலை நேராக பேட்டரியில் கட்டாதீர்கள். பேனல் மேல் உப்பு வெள்ளையாகப் படியும், ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். பாய்மர நிழல் ஒரு கோடாக விழுந்தால்கூட வரவு படுத்துவிடும்.

## பேட்டரியைத் திட்டும் முன்

என் மாமா படகில் வயர்லெஸ் பட்டனை அமுக்கினால் ஜிபிஎஸ் திரை அணைந்து மறுபடி எழும். பேட்டரி போச்சு என்று மாற்றினார். ஆறு மாதத்தில் மறுபடி அதே கோளாறு, இன்னொரு பேட்டரி. மூன்றாவது வாங்கக் கிளம்பிய நாளில்தான் நான் போய்ப் பார்த்தேன். பேட்டரியில் 12.6. செட்டுக்குப் போகும் வயர் முனையில், பட்டனை அமுக்கியதும் 10.4. பிளஸ் வயரின் தோலைக் கத்தியால் சீவினேன். உள்ளே செம்பு கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. டெர்மினல் கிளிப்புக்குள் உப்பு ஏறி, கம்பி வழியாகவே ஒரு முழம் உள்ளே போயிருக்கிறது. ஈயம் பூசிய செம்பு வயரைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டேன். அந்த இரண்டாவது பேட்டரி அப்புறம் நன்றாகவே ஓடியது.

ஆகவே மாதம் ஒருமுறை டெர்மினலைக் கழற்றுங்கள். ஆசிட் பேட்டரியில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடி மேல் ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றினால் நுரைத்து வந்துவிடும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், எந்த பேட்டரியானாலும்.

## சும்மா கிடக்கும் நாட்கள்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நடுவில் கத்திரி வெயில். சூடு ஏற ஏற ஈய பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும். தடை முடிந்து வந்து பார்த்தால் செத்துக் கிடக்கும். தடைக்கு முன்னாலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மைனஸைக் கழற்றி, ஓட்டு வீட்டு நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பழைய ரப்பர்ப் பெட்டிக் காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. லித்தியத்தை நிறைத்து வைக்கக் கூடாது. பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேலே விட்டுக் கழற்றி வைத்தால் இரண்டு மாதமும் அப்படியே இருக்கும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து வாரக்கணக்கில் கரையில் நிற்கும்போதும் இதையே செய்யுங்கள்.

## யாருக்கு எது

வாரத்துக்கு நான்கைந்து நாள் ராத்திரிக் கடல் போகிறவர், இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தாவது நல்ல மீட்டரும் சரியான சார்ஜரும் வாங்கத் தயார் என்றால் லித்தியம். டைனமோ இருக்கிறது, பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கும் பொறுமையுள்ள ஆள் இருக்கிறார், படகு பெரிசு என்றால் டியூபுலர். கரையோரம் போய்த் திரும்பும் வத்தைக்குச் சின்ன சீல்டு.

தங்கச்சிமடம் தம்பிக்கு நான் சொன்னது: படகில் டைனமோ இல்லை, வீட்டில் சார்ஜ் போடுகிறீர்கள், அப்பாவுக்கு அறுபது வயது, 60 ஏஎச் ஈயத்தை மணலில் சுமக்க வேண்டாம். 40 ஏஎச் லித்தியம் வாங்குங்கள். கூடவே 7 ஏஎச் சீல்டு ஒன்றைத் தனிப் பெட்டியில், தனி வயரில், ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் போகும்படி ஒரு மாற்று சுவிட்சோடு நான் மாட்டித் தருகிறேன். லித்தியம் பட்டென்று நின்றாலும் சுவிட்சைத் திருப்பினால் கரை வரும்வரை திரை எரியும். அப்பா ஈய பேட்டரியை நம்புகிறார் அல்லவா, அந்தச் சின்னதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். சனிக்கிழமை வயரோடு வருகிறேன்.